உள்ளே ஓடும் சர்வீஸுக்குப் பெயர் வைப்பது எப்படி: வெற்றுக் கட்டத்திலிருந்து பெயர் மாற்றம் வரை

வெளியே விற்கிற பொருளுக்குப் பெயர் வைக்க மார்க்கெட்டிங் ஆட்கள் இருக்கிறார்கள், வக்கீல் இருக்கிறார். கம்பெனிக்கு உள்ளே ஓடும் சர்வீஸுக்கு, அதாவது பின்னணியில் ஒரு வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு, யார் இருக்கிறார்கள்? ரெப்போ (கோட் வைக்கும் இடம்) உருவாக்கும் பக்கத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பட்டன் வேலை செய்யாது. அதனால் யாரோ ஒருவர் அந்த நிமிடத்தில் தோன்றியதைத் தட்டிவிடுகிறார். அந்தப் பெயர் அப்புறம் டிஎன்எஸ், டேட்டாபேஸ், டாஷ்போர்டு, அலெர்ட், மாதாந்திர கிளவுட் பில் என்று போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு, தட்டியவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகும் அப்படியே இருக்கும்.

இந்த வழிகாட்டி அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு. சர்வீஸ், லைப்ரரி, மாட்யூல், க்யூ, எதுவானாலும் முறை ஒன்றுதான். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே டீம் என்றால் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், உட்லண்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், வீட்டில் மலாய் பேசுகிறவர், மாண்டரின் பேசுகிறவர், ஹோ சி மின் நகரத்திலிருந்து வீடியோ காலில் மட்டும் தெரிகிறவர் என்று கலந்துதான் இருக்கும். இத்தனை பேர் காதிலும் வாயிலும் பெயர் தப்பிப் பிழைக்க வேண்டும்.

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகலாம். பார்சல் டெலிவரி செய்யும் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிளாக்குக்கு வருகிறார், லிஃப்ட் ஏறுகிறார், கதவைத் தட்டுகிறார், வீட்டில் ஆளில்லை. பார்சல் மறுபடி வேனுக்குப் போகிறது. அதை அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு சர்வீஸ் எழுதப்போகிறோம். இன்னும் பெயரில்லை.

முதலில் ஒரு வாக்கியம்

பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த சர்வீஸ் என்ன செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அதுவும் டெக்னாலஜி பெயர் எதுவும் வராமல். "கொடுக்க முடியாமல் போன பார்சலை அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்கிறது." இவ்வளவுதான். இதைப் படித்துக் கிடங்கில் வேலை பார்க்கும் சூப்பர்வைசர் தலையாட்டினால் வாக்கியம் சரி.

பெரும்பாலும் முதல் முயற்சியில் இப்படி வராது. "கொடுக்க முடியாத பார்சலுக்கு முடிவெடுக்கிறது, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது, டிரைவரின் அன்றைய கமிஷனையும் திருத்துகிறது" என்று வால் நீளும். இதற்கு நல்ல பெயர் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் இது மூன்று வேலை. மூன்றுக்கும் பொதுவான சொல்லைத் தேடினால் கடைசியில் "டெலிவரி-மேனேஜர்" என்ற இடத்தில்தான் போய் நிற்பீர்கள், அந்தப் பெயரைப் பார்த்து அடுத்து வருகிறவர் நான்காவது வேலையையும் அதிலேயே திணிப்பார். பெயர் வரவில்லை என்றால் பெயர்ப் பட்டியலை நீட்டாதீர்கள், எது உள்ளே எது வெளியே என்ற எல்லையைத் திருத்துங்கள். எஸ்எம்எஸ் அனுப்ப ஏற்கெனவே வேறு சர்வீஸ் இருக்கும், கமிஷன் சம்பளப் பக்கத்து வேலை. இரண்டையும் வெட்டியதும் வாக்கியம் தானே சின்னதாகிவிடும்.

வேலை நடக்கும் இடத்தில் என்ன சொல்கிறார்கள்?

இப்போது அந்த வாக்கியத்திலிருந்து சொற்களைப் பிடுங்குங்கள். டெவலப்பர்களிடம் கேட்டால் முதலில் வாயில் வருவது "ரீட்ரை". கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் உலகத்தில் ரீட்ரை என்றால் எச்டிடிபி கால் தோற்றால் மறுபடி அனுப்புவது, க்யூவில் மெசேஜ் விழுந்தால் மறுபடி எடுப்பது. "ரீட்ரை-சர்வீஸ் ரீட்ரை பண்ணவில்லை" என்று யாராவது டிக்கெட் போட்டால் அதில் எந்த ரீட்ரை எது என்று கேட்கவே ஒரு ஆள் வேண்டும். அதனால் அது வெளியே.

கிடங்கு ஆட்களோடு கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அவர்கள் "அந்த ஸ்டக் பார்சல் எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். வேனிலிருந்து இறங்கி, போக இடமில்லாமல் ரேக்கில் உட்கார்ந்திருப்பதற்கு அவர்கள் பேச்சில் ஸ்டக். இந்தச் சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில் நடத்துகிறவர்களும் கோட் எழுதுகிறவர்களும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் பாதி மீட்டிங் மிச்சம்.

இந்தக் கட்டத்தில் ஆறேழு பெயர்கள் கையில் இருந்தால் போதும். நம் பட்டியல்: ரீடெலிவரி, அன்டெலிவர்ட், ஸ்டக்-பார்சல், பார்சல்-எக்ஸெப்ஷன், இன்னும் ஒன்றிரண்டு விளையாட்டுப் பெயர்கள்.

மாறப்போவதைப் பெயரிலிருந்து உருவி எடுங்கள்

மற்ற படிகளைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள்.

"ரீடெலிவரி" எடுத்துக்கொள்வோம். இன்றைக்குச் சரியான பெயர், ஏனென்றால் இன்றைக்கு ஆளில்லாத வீட்டுக்கு நாளைக்கு மறுபடி போகிறோம். ஆறு மாதம் கழித்து யாரோ "எதற்கு மறுபடி போக வேண்டும், பிளாக் கீழே இருக்கும் லாக்கரில் வைத்துவிடலாமே" என்பார். அப்புறம் மூன்று முறை போயும் ஆளில்லை என்றால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும் விதி வரும். அப்போது ரீடெலிவரி என்ற சர்வீஸ் பாதி நேரம் ரீடெலிவரி செய்யாது. தீர்வின் பெயரை வைத்தால் இப்படித்தான் ஆகும், தீர்வுகள் மாறிக்கொண்டே இருக்கும். பிரச்சினையின் பெயரை வைத்தால் பிழைத்தீர்கள்: பார்சல் கையில் சிக்கிக்கொள்கிறது என்ற பிரச்சினை, கம்பெனி இருக்கும்வரை இருக்கும்.

எண்கள் இன்னும் மோசம். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2007-லிருந்து 7 சதவீதமாகவே இருந்தது. 2023 ஜனவரி 1-ல் 8 ஆனது, 2024 ஜனவரி 1-ல் 9 ஆனது. 2015-ல் ஒருவர் "ஜிஎஸ்டி-செவன்" என்று ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது 7 என்பது மாறாத உண்மை போலத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு அது 9 சதவீதம் கணக்குப் போட்டுக்கொண்டு பெயரில் ஏழைச் சுமந்துகொண்டிருக்கும். பெரிய கம்பெனிகளும் இதிலிருந்து தப்பவில்லை: 64 பிட் விண்டோஸில் "சிஸ்டம்32" என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிட் ஃபைல்கள், 32 பிட் ஃபைல்கள் இருப்பது "சிஸ்வாவ்64" என்ற ஃபோல்டரில். பழைய புரோகிராம்கள் அந்த வழியைக் கோடில் அப்படியே எழுதி வைத்திருந்ததால் பெயரைத் தொட முடியவில்லை, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினார்கள்.

அடையாள எண் சரிபார்க்கும் லைப்ரரியும் இதே கதைதான். "என்ஆர்ஐசி-செக்" என்று ஆரம்பிக்கிறார்கள், எஸ், டி எழுத்துகளில் தொடங்கும் எண்களைச் சரிபார்க்கிறது. அப்புறம் வொர்க் பாஸில் இருப்பவர்களும் வாடிக்கையாளர்தானே என்று எஃப், ஜி தொடங்கும் ஃபின் எண்களைச் சேர்க்கிறார்கள், 2022 முதல் வழங்கப்படும் எம் வரிசையையும் சேர்க்கிறார்கள். இப்போது ஃபின் சரிபார்க்க லைப்ரரி உண்டா என்று தேடும் புது ஆளுக்கு இது கண்ணிலேயே படாது, அவர் இன்னொன்று எழுதுவார். "ஐடி-நம்பர்-செக்" என்று ஆரம்பத்திலேயே வைத்திருக்கலாம்.

இதே சல்லடையில் இன்னும் சிலவற்றைப் போட்டுச் சலியுங்கள். டெக்னாலஜி பெயர்: "ரெடிஸ்-கேஷ்" என்று வைத்தால் ரெடிஸை மாற்றும் நாளில் பொய்யாகும். வெளி நிறுவனத்தின் பெயர்: ஒப்பந்தம் முடியும். டீம் பெயர்: டீம்கள் கலைந்து சேர்வது சர்வீஸ் கலைவதைவிட வேகமாக நடக்கும், நிர்வாகம் மாறும்போதெல்லாம் நடக்கும். "நியூ" என்ற முன்னொட்டு: இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, உங்கள் ரெப்போ பட்டியலில் "நியூ" என்று தேடிப் பாருங்கள், அதில் எத்தனை புதுசு என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு விதிவிலக்கு. ஒரு குறிப்பிட்ட வங்கியோடோ கூரியரோடோ மட்டும் பேசுவதற்கென்றே எழுதிய இணைப்பு என்றால் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தே ஆக வேண்டும். அங்கே அதுதான் பொறுப்பே, நிறுவனம் போனால் சர்வீஸும் போகும்.

காற்று அடைத்த சொற்கள்

மேனேஜர், ஹேண்ட்லர், ப்ராசஸர், காமன், யூட்டில், கோர், பிளாட்ஃபார்ம். பெயரிலிருந்து இந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள், பொருள் குறையவில்லை என்றால் அது வேண்டாம். "யூட்டில்" போன்ற பேக்கேஜ் பெயர்களைத் தவிர்க்கச் சொல்லி கோ என்ற நிரல் மொழியின் சொந்த வழிகாட்டுதலே சொல்கிறது, அதில் எனக்கு ஒரு எழுத்துகூட மறுப்பில்லை. "சர்வீஸ்" என்ற வால் மட்டும் சில சமயம் தேவைப்படும், அதே பெயரில் லைப்ரரியும் இருந்தால்.

சுருக்கெழுத்தில் சிங்கப்பூர்க்காரர் மாட்டும் இடம்

இந்த ஊர் சுருக்கெழுத்தில்தான் மூச்சு விடுகிறது, அதனால் கை தானாக அங்கே போகும். நம் பார்சல் கம்பெனியில் "இஆர்பி" என்று ஒரு மாட்யூல் இருக்கிறது என்றால் அது என்ன? வேன் நகரத்துக்குள் போகும்போது பிடிக்கும் சாலைக் கட்டணத்தைக் கணக்கிடுவதா, 1998 முதல் எல்லா ஓட்டுநரும் இஆர்பி என்றால் அதைத்தான் நினைப்பார்கள், அல்லது கணக்கும் சரக்கும் பார்க்கும் பெரிய மென்பொருளா? இரண்டுமே ஒரு டெலிவரி கம்பெனியில் இருக்கும், இரண்டுமே இஆர்பிதான். "பிஆர்" இன்னும் மோசம். சம்பளக் கணக்கில் புதிதாக நிரந்தரவாசம் பெற்றவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) விகிதம் வேறு, அதற்கு "பிஆர்-ரேட்" என்று ஒரு மாட்யூல் வைத்தால், அந்த மாட்யூலுக்கு ஒரு பிஆர் (புல் ரிக்வெஸ்ட், கோட் மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்வது) போட்டிருக்கிறேன், பிஆர் பார்த்துவிட்டு பிஆர்-ரேட் சரியா சொல்லுங்கள் என்று ஒருவர் சாட்டில் கேட்பார்.

ஊருக்கே தெரிந்த சுருக்கம், கம்பெனிக்குள் ஒரே பொருள்தான் என்றால் வைக்கலாம். ஜிஎஸ்டி, சிபிஎஃப் அந்த வகை. நீங்களாகப் புதிதாகச் சுருக்கம் உண்டாக்காதீர்கள்.

தீவுப் பெயர், கடவுள் பெயர், கிரகப் பெயர்

இங்கே சண்டை வரும். ஒரு கட்சி, பெயரைப் பார்த்ததும் வேலை தெரிய வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, வேலை மாறினாலும் பெயர் மாறாமலிருக்க அர்த்தமில்லாத பெயரே மேல் என்கிறது. இரண்டாவது கட்சியிலும் நியாயம் இருக்கிறது. பல மெஷின்களில் சர்வீஸ்களை ஓட்டி மேய்க்கும் குபர்னெட்டிஸ் என்ற மென்பொருள் கூகுளுக்குள் "புராஜெக்ட் செவன்" என்று ஆரம்பித்தது, அவர்களுடைய பழைய போர்க் சிஸ்டத்தின் பெயரை வைத்து, ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் செவன் ஆஃப் நைன் என்ற போர்க் பாத்திரத்தை நினைத்துச் செய்த விளையாட்டு. வெளியே வரும்போது பெயர் மாறியது, ஏழு என்பது மட்டும் லோகோவில் ஏழு ஆரங்களாக மிச்சம் நிற்கிறது. எல்லை இன்னும் தெரியாத பெரிய திட்டத்துக்கு இப்படி ஒரு செல்லப் பெயர் நல்லது.

ஆனால் சின்ன சர்வீஸ்களுக்கு வரிசையாக விளையாட்டுப் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு டீம் சிங்கப்பூர்த் தீவுகளின் பெயர்களை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செந்தோசா, உபின், பிரானி. பழைய டேட்டாவை அழிக்கும் ஜாபுக்கு செமாக்காவ், அது பொருத்தம்தான், 1999 முதல் நம் குப்பைச் சாம்பல் போய்ச் சேரும் தீவு அது. இங்கே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள், ஹோ சி மின் நகரத்தில் இருப்பவருக்கு அது வெறும் மூன்று அசை. அடுத்து குசு தீவு. மற்றவர்களுக்கு அது ஆமைத் தீவு, கோயில் இருக்கும் இடம். "குசுவில் மெமரி லீக்" என்று ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்ல, டீமில் இருக்கும் தமிழர்கள் எல்லாரும் மைக்கை மியூட் செய்ய வேண்டியிருக்கும்.

சிரிப்பு ஒரு பக்கம். உண்மையான செலவு இரவில் வரும். கிரேக்கப் புராணமும் கிரகங்களும் ஏற்கெனவே பலர் எடுத்துக்கொண்டவை, அதனால் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணே, அட்லஸ் பதில் சொல்லல."

"எந்த அட்லஸ் தம்பி? நம்மளுதா, மாங்கோவா?"

"நம்ம அட்லஸ்தாண்ணே. அது மாங்கோ அட்லஸைக் கூப்பிடுறப்போ தொங்குது."

மாங்கோடிபியின் கிளவுட் சேவைக்குப் பெயர் அட்லஸ் என்பது பெயர் வைத்தவருக்கு நினைவில்லை, அல்லது அப்போது கம்பெனியில் மாங்கோ இல்லை. வெளியே பிரபலமான மென்பொருளோடு மோதினால் விலகுவது எப்போதும் நாம்தான். ஃபயர்ஃபாக்ஸே இரண்டு முறை விலகியது: முதலில் ஃபீனிக்ஸ், பெயருரிமைப் பிரச்சினை வந்து 2003-ல் ஃபயர்பேர்டு, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருந்ததால் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ். உங்கள் பெயரோடு "எரர்" என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். வேறு ஏதோ மென்பொருளின் எரர்களாக வந்து குவிந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், உங்கள் ஆட்கள் தேடும்போதும் அதுதான் வரும்.

என் கட்சி இதுதான்: இரவில் எழுப்பப்படக்கூடிய எதற்கும் சாதாரணப் பெயர். செல்லப் பெயர் வேண்டுமென்றால் திட்டத்துக்கு வையுங்கள், திட்டம் முடியும்போது அதுவும் முடியட்டும்.

தமிழ்ப் பெயர் வைக்கலாமா என்று கண்டிப்பாக யாராவது கேட்பார்கள். வைக்கலாம், ஆசையும் நல்ல ஆசைதான், ஆனால் ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி மட்டுமே எழுத வரும் சொல்லாக இருக்க வேண்டும். நோட்டிஃபிகேஷன் அனுப்பும் சர்வீஸுக்கு "தூது" அழகான பெயர். ஆனால் ஒருவர் எச் போட்டு எழுதுவார், ஒருவர் போடமாட்டார், ஒருவர் இரண்டு ஓ, ஒருவர் ஒரு யு, லாக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ழகரம் வரும் சொற்களைத் தொடவே வேண்டாம். ஷெட்யூலருக்கு "மணி" என்று வைத்தால் எழுதுவதில் குழப்பமில்லை, ஆனால் பில்லிங் இருக்கும் கம்பெனியில் அது எல்லார் காதிலும் பணம் என்றுதான் விழும்.

சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்

1990-ல் வந்த ஆர்எஃப்சி 1178 என்ற ஆவணம் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பதைப் பற்றியது. அதில் ஒரு கதை: பல மெஷின்களில் ஓடும் டேட்டாபேஸில் அப்டேட்டை ஏற்கும் ஒரே மெஷினுக்கு "அப்" என்று பெயர் வைத்தார்களாம், அப்புறம் "அப் டவுனா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்களாம். சொல்லிப் பார்த்திருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும்.

நம் பட்டியலில் "அன்டெலிவர்ட்" இங்கேதான் விழுகிறது. எழுத்தில் தெளிவாக இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு, ஒரு காதில் இயர்போனோடு, லைன் விட்டு விட்டு வரும்போது முதல் அசை விழுங்கப்பட்டால் மிச்சம் இருப்பது "டெலிவர்ட்". நேர் எதிர்ப்பொருள், அதுவும் நம் சிஸ்டத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு ஸ்டேட்டஸ். மறுப்பை முன்னொட்டில் வைக்கும் பெயர்களை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஒதுக்குவேன். "பார்சல்-எக்ஸெப்ஷன்" வேறு காரணத்தால் போகிறது: கோடில் எக்ஸெப்ஷன் என்றால் வேறு. மிச்சம் "ஸ்டக்-பார்சல்". கொஞ்சம் பேச்சு வழக்காக இருக்கிறது, கம்பீரமில்லை என்று ஒருவர் சொல்வார். சொல்லட்டும்.

அப்புறம் டீமில் இருக்கும் எல்லா மொழிக்காரரிடமும் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள், குறிப்பாகச் சுருக்கினால் எப்படி ஒலிக்கும் என்று. பேட்ச் பில்லிங்கை முதல் இரண்டு இரண்டு எழுத்தாகச் சேர்த்தால் வருவது மலாயில் பன்றியைக் குறிக்கும் சொல், அதை வசையாகவும் பயன்படுத்துவார்கள். மலாய் பேசும் சக ஊழியர் தினமும் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கேட்க அரை நிமிடம் ஆகும்.

மெஷின் ஒப்புக்கொள்கிறதா?

இதைப் பலரும் கடைசியில் பார்த்து, அவசரத்தில் பெயரைச் சிதைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் லோடு பேலன்சரின் (வரும் ரிக்வெஸ்ட்களைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) பெயர் 32 எழுத்துக்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ரீஜனின் பெயர், ஏபி-சவுத்ஈஸ்ட்-1, ஆங்கிலத்தில் ஹைஃபனோடு 14 எழுத்து. அதற்கு முன்னொட்டாக ரீஜன், அப்புறம் ஸ்டேஜிங் (சோதித்துப் பார்க்கும் சூழல்) என்ற சொல், நடுவில் ஹைஃபன்கள் என்று வைத்தால் 23 எழுத்து போய்விடும். உங்கள் சர்வீஸுக்கு மிச்சம் 9. ஸ்டக்-பார்சல் ஆங்கிலத்தில் 12. மூன்று எழுத்து இடிக்கிறது.

இந்த இடத்தில் நிறையப் பேர் சர்வீஸின் பெயரை வெட்டுவார்கள், உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கி யாரும் உச்சரிக்க முடியாத ஒன்றை வைப்பார்கள். வெட்ட வேண்டியது முன்னொட்டை. ரீஜனை ஐந்து எழுத்தில் சுருக்கி எழுதினால் மொத்தம் 26-ல் முடிகிறது. முன்னொட்டை எல்லா சர்வீஸும் பகிர்ந்துகொள்கிறது, ஒருமுறை கற்றால் போதும்.

மற்ற வரம்புகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ்ஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 63 எழுத்து, குபர்னெட்டிஸ் லேபிள் மதிப்புகளுக்கும் 63, குபர்னெட்டிஸில் நிறுவ உதவும் ஹெல்ம் கருவியின் ரிலீஸ் பெயருக்கு 53. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் டேபிள் பெயருக்கு 63 பைட், தாண்டினால் வெட்டிவிடும். தமிழ் எழுத்தில் வைக்கும் ஆசை இருந்தால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹோஸ்ட் பெயரில் அண்டர்ஸ்கோர் கூடாது, பைத்தானில் இம்போர்ட் செய்யும் பெயரில் ஹைஃபன் கூடாது, அதனால் எங்கே ஹைஃபன் எங்கே அண்டர்ஸ்கோர் என்று ஒருமுறை முடிவு செய்து எழுதி வையுங்கள், அல்லது ஒரே சொல்லாக வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். எல்லாம் சின்ன எழுத்து, ஏனென்றால் மேக் ஃபைல் சிஸ்டம் வழக்கமாகப் பெரிய சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். "ஆக்ஸ்", "கான்" என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து ஃபோல்டர் வைத்தால் விண்டோஸ் வைத்திருக்கும் ஆளால் ரெப்போவை ஒழுங்காக இறக்கவே முடியாமல் போகலாம், அவை பழைய காலத்திலிருந்து ஒதுக்கிவைத்த பெயர்கள்.

உள்ளுக்குள் என்றாலும் வெளியே தெரியும்

உள்பெயர்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பெரிய நிறுவனங்களின் உள் பேக்கேஜ் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயர்களில் பொது ரெஜிஸ்ட்ரிகளில் (யாரும் பேக்கேஜ் போட்டு, யாரும் இறக்கிக்கொள்ளும் கிடங்குகள்) பேக்கேஜ் போட்டு, 2021-ல் அதை வெளியே சொன்னார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மெஷின்களில் அவருடைய கோட் ஓடியது. காரணம் எளிமையானது: பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் போன்ற கருவிக்கு உள் ரெஜிஸ்ட்ரியையும் பொது ரெஜிஸ்ட்ரியையும் சேர்த்துக் காட்டினால், இரண்டிலும் இருக்கும் பெயரில் எதன் வெர்ஷன் எண் பெரிதோ அதை எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் என்றால் கம்பெனியின் ஸ்கோப்பை (பேக்கேஜ் பெயருக்கு முன்னால் வரும் கம்பெனிப் பெயர்) பொது ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயரில் பிடித்து வைத்துவிட்டு, எல்லா உள் பேக்கேஜையும் அதற்குக் கீழே போடுங்கள். பைத்தான் என்றால் பிப் ஒரே உள் ரெஜிஸ்ட்ரியை மட்டும் பார்க்கும்படி செய்யுங்கள்.

இன்னொரு ஓட்டை சான்றிதழ்கள். பிரவுசர்கள் நம்பும் டிஎல்எஸ் சான்றிதழ் வாங்கினால் அதிலுள்ள ஹோஸ்ட் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும், 2018 முதல் குரோம் இதைக் கட்டாயமாக்கியது. இன்னும் அறிவிக்காத வாடிக்கையாளரின் பெயரை சர்வீஸ் பெயரில் வைத்துச் சான்றிதழ் வாங்கினால், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கோபத்தில் வைத்த பெயர்களுக்கும் இதே கதிதான்.

பெயரும் எண்ணும் தனித்தனியே

எம்ஆர்டி நிலையங்களுக்கு இரண்டு அடையாளம். மனிதர்கள் சொல்வதற்குப் பெயர், வரைபடத்தில் குறிக்க ஒரு குறியீடு. செம்பவாங் என்எஸ்11, ஈசூன் என்எஸ்13, நடுவில் 12 பல வருடம் காலியாகவே இருந்தது, 2019-ல் கான்பரா நிலையம் வந்து அதில் உட்கார்ந்தது. மற்ற நிலையங்களின் எண் ஒன்றுகூட மாறவில்லை. சர்வீஸுக்கு வரிசை எண் தேவையில்லை, ஆனால் அடையாளத்தையும் பெயரையும் பிரிக்கும் அந்த யோசனையைத் திருடலாம். சர்வீஸ் கேட்டலாகில் (கம்பெனியின் எல்லா சர்வீஸும் இருக்கும் பட்டியல்) ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு ஐடி கொடுங்கள், கிளவுட் பில் டேக், உரிமையாளர் பதிவு எல்லாம் அதில் தொங்கட்டும். பெயர் வெறும் காட்சிக்கு.

ஸ்டேஜிங், புரொடக்ஷன், ரீஜன் ஆகியவை சர்வீஸின் பெயரில் வரக்கூடாது, அவை முன்னொட்டு அல்லது டேக்.

முடிவெடுங்கள், எழுதி வையுங்கள்

ஓட்டெடுப்பு வேண்டாம், அதில் ஜெயிப்பது வேடிக்கையான பெயர். அந்த சர்வீஸை யார் இரவில் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவர் முடிவெடுக்கட்டும். முடிவுக்கு முன் டீமுக்கு வெளியே இருக்கும் இரண்டு பேரிடம் பெயரை மட்டும் காட்டி, இது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கட்டும். பதில் ஓரளவு கிட்டே வந்தால் போதும். ஒரே நாளுக்குள் முடியுங்கள். ரெப்போவில் இருக்கும் அறிமுக ஃபைலான ரீட்மீயின் முதல் வரியில் அந்த ஒரு வாக்கியத்தையும், அடுத்து ஒதுக்கிய பெயர்களையும் காரணங்களையும் போடுங்கள். "ரீடெலிவரி வேண்டாம், லாக்கர் வரப்போகிறது" என்ற ஒரு வரி இருந்தால் அடுத்த வருடம் அதே வாக்குவாதம் மறுபடி நடக்காது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

சில பெயர்கள் மாறவே மாறாது. நெக்ஸ்ட் கம்பெனியை ஆப்பிள் வாங்கும் ஒப்பந்தம் 1996-ல், ஆனால் அந்தக் கம்பெனியின் சிஸ்டத்திலிருந்து வந்த என்எஸ் என்ற இரண்டெழுத்து இன்றும் ஆப்பிளின் கிளாஸ் பெயர்களில் முன்னால் நிற்கிறது. எச்டிடிபியில் "ரெஃபரர்" என்ற ஹெடரின் ஆங்கில எழுத்துப்பிழை தரநிலையிலேயே ஏறிவிட்டது, இனி அதுதான் சரியான எழுத்து. எழுத்து மட்டும் அசிங்கம், பொருள் சரி என்றால் மாற்றாதீர்கள். பெயர் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பினால் மட்டும் மாற்றுங்கள்.

மாற்றும்போது முதலில் கேட்டலாகிலும் டாஷ்போர்டு தலைப்பிலும் காட்சிப் பெயரை மாற்றி, பழைய பெயரையும் பக்கத்திலேயே போடுங்கள், தேடுகிறவர்களுக்கு இரண்டும் கிடைக்கட்டும். அடுத்து புது டிஎன்எஸ் பெயரைச் சேர்த்து இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும்படி வையுங்கள். மெட்ரிக் (சர்வீஸ் அனுப்பும் அளவு) பெயரை மாற்றினால் அவற்றைச் சேமிக்கும் புரோமிதியஸில் வரலாறு அங்கேயே அறுந்து புது வரிசை ஆரம்பிக்கும், அதனால் கொஞ்ச காலம் இரண்டு பெயரிலும் அனுப்பி, அலெர்ட்டுகளைப் புதியதற்கு நகர்த்திவிட்டு அப்புறம் பழையதை நிறுத்துங்கள். காஃப்கா டாபிக்கையும் (மெசேஜ்கள் ஓடும் வரிசை) எஸ்3 பக்கெட்டையும் (ஏடபிள்யூஎஸ்ஸில் ஃபைல் வைக்கும் இடம்) பெயர் மாற்ற வழியே கிடையாது, புதிதாக உண்டாக்கி டேட்டாவை நகர்த்த வேண்டும். அந்தச் செலவுக்குப் பல நேரம் பழைய பெயரை அங்கே மட்டும் விட்டுவைத்து ரீட்மீயில் ஒரு வரி எழுதுவதே புத்திசாலித்தனம்.

பழைய டிஎன்எஸ் பெயரை எடுக்கும் முன் அதற்கு வரும் ரிக்வெஸ்ட்களை ஒரு முழு மாதமாவது லாக்கில் பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் இன்வாய்ஸ் ஜாப் ஒன்று எங்கேயாவது இருக்கும், அது பழைய பெயரைத்தான் கூப்பிடும்.